எலுமிச்சம்பழம் குத்திய ரிவால்வர்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாலில் டீப்பாய் மேல் தெலுங்குப் பேப்பர் விரித்திருக்கிறது. பேப்பர் மேல் மஞ்சள் ஃபிளானல் துணி. துணி மேல் ரிவால்வர். அதற்கு இந்தப் பக்கம் லுங்கி பனியனோடு என் வீட்டுக்காரர். அந்தப் பக்கம் தோளில் பையோடு என் மகள் பவானி.

மறுநாள் காலை பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். நாலு வருஷம் திருப்பதியில் ஹாஸ்டல் சோறு சாப்பிட்டுப் படித்த படிப்பு அன்றைக்குப் பிடிக்க வேண்டிய அந்த ஒரு பெங்களூர் பஸ்ஸில்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் 'முடியாது' என்று சொல்வதற்கு அதுதான் முறை.

மாம்பழ சீசன். வீடு முழுக்கப் பழ வாசனை, அதற்கு மேல் தையல் மெஷின் எண்ணெய் வாசனை. நான் சமையலறையில் டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவும் மகளும் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்வதற்கு முன்னால், லுங்கி கட்டிய மனிதர் கைக்கு ரிவால்வர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

விரோதி தேவை

வெளிநாட்டு வியாபாரத்துக்கு நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பர்காரர்கள் எழுதித் தள்ளிக்கொண்டிருந்த காலம். ஆந்திராவில் சித்தூர் பக்கம் இருக்கிற எங்கள் பங்காருபாளையத்தில் அந்தக் கதவு வழியாக மாம்பழக் கூழ் வெளியே போயிற்று. மண்டியில் தரகு பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், சிலரோடு கூட்டுச் சேர்ந்து கூழ் ஃபேக்டரி போட்டார். டின்னில் அடைத்த கூழ் அரபு நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் கப்பலேறியது. பதிலுக்கு எங்கள் வீட்டுக்குக் கலர் டிவியும் டெலிபோனும் காரும் ஃபிரிட்ஜும் வந்தன. ஃபிரிட்ஜை ஹாலில் வைத்தோம். சமையலறையில் வைத்தால் வருகிறவர்கள் கண்ணில் படாதே!

அப்புறம் கூட்டாளிகளில் ஒருவர் ரிவால்வர் வாங்கினார். அவ்வளவுதான், இவருக்குச் சோறு இறங்கவில்லை.

லைசென்ஸ் வேண்டுமென்றால் உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டுமாம். இவர் உயிரை எடுக்க இந்த ஜில்லாவில் யாருக்கு நேரம் இருக்கிறது? விரோதி தேடி அலைந்தார் மனிதர். கடைசியில் தன் பங்காளி ஒருவரையே விரோதியாக நியமித்துவிட்டார். அந்தப் பங்காளி வாரத்துக்கு இரண்டு தரம் எங்கள் வீட்டில் காபி குடிக்கிறவர். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் வீடு தெரியாமல் ரோட்டில் நின்றபோது, அவருக்கு வழிகாட்டி அழைத்து வந்ததும் அந்தப் பங்காளிதான். அன்றைக்கு இரண்டு பேருக்குமே நான்தான் காபி கொடுத்தேன்.

எப்படியோ லைசென்ஸ் வந்தது. மெட்ராஸ் போய் ரிவால்வரை வாங்கி வந்தார். ஆறு தோட்டா போடுகிறது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. முதல் ராத்திரி அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தார். நான் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டேன்.

அலிபிரியில் ஒரு சோதனை

லைசென்ஸ் கிடைத்தால் மொட்டை போடுவதாக ஏழுமலையானிடம் வேண்டுதல். போகிறதுதான் போகிறோம், சாமிக்கு ரிவால்வரையும் காட்டிவிட்டு வரலாமே என்று இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். திருமலை அடிவாரத்தில், அலிபிரியில் வண்டியை நிறுத்திச் சோதனை. அங்கே இருந்த போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். சாமிக்குச் சங்கும் சக்கரமும் ஏற்கெனவே இருக்கின்றன, இது வேண்டியதில்லை என்று தெலுங்கில் நிதானமாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

மொட்டைக்குப் போன மனிதர் சீவிய தலையோடு காரைத் திருப்பினார்.

வந்தது வீணாகக் கூடாது இல்லையா? நேராகப் பவானியின் காலேஜ் ஹாஸ்டலுக்கு விட்டார். வார்டன் அம்மாவிடம் பேசிக்கொண்டே சட்டையை லேசாக ஒதுக்கி இடுப்பைக் காட்டினார். தன் பெண்ணை எவனாவது ஏறெடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று வார்டனுக்குப் புரியட்டுமாம். வார்டன் அம்மாவுக்குப் புரிந்ததெல்லாம், இந்த ஆள் இனிமேல் கேட்டுக்கு உள்ளே வரக் கூடாது என்பதுதான்.

பவானி வெட்கத்தில் செத்துப்போனாள். ஆனாலும் வாய் யாருடையது? என்னுடையது அல்லவா.

"அடுத்த வாட்டி வரும்போது பீரங்கி எடுத்துகினு வா நைனா," என்றாள்.

அவர் சிரித்தார். அந்தக் காலத்தில் அவள் பேசினால் அவருக்குச் சிரிப்பு வரும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பூஜைக்கு உட்கார்ந்த ஆயுதம்

ஆயுத பூஜை வந்தது. அதுவரை எங்கள் வீட்டில் ஆயுதம் என்றால் அரிவாள்மணை, கடப்பாரை, ஸ்பேனர். இப்போது பெயருக்கு ஏற்ற மாதிரி ஒன்று வந்துவிட்டதே! கார், ஃபேக்டரி மெஷின், தராசு எல்லாவற்றுக்கும் நடுவில் சிவப்புப் பட்டுத் துணி விரித்து ரிவால்வரை நிமிர்த்தி உட்கார வைத்தார். சந்தனம் குழைத்து உடம்பெல்லாம் பூசினார். குங்குமம் வைத்தார். கைப்பிடியில் கதம்பம் சுற்றினார்.

அப்போதும் ஏதோ குறைகிற மாதிரி அவருக்குத் தோன்றியிருக்கிறது. அம்மன் கோயில் சூலத்தில் எலுமிச்சம்பழம் குத்துவார்கள் இல்லையா, அதே மாதிரி ஒரு நல்ல பழமாகப் பார்த்து ரிவால்வர் குழல் முனையில் திருகிச் செருகினார். சாறு உள்ளே இறங்கியது. எனக்கே பார்க்க என்னமோ மாதிரி இருந்தது. இரும்பில் எலுமிச்சைச் சாறு பட்டால் என்ன ஆகும் என்று அரிவாள்மணை வைத்திருக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். சொன்னேன்.

"சாமி காரியத்துல வாய வெக்காத," என்றார்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது. தொடவில்லை. மறுநாள் பழத்தைப் பிடுங்கினார், துணியால் மேலாக ஒரு துடை துடைத்தார், தோல் உறையில் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டார். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே, புதுப் பழத்தோடு.

பிறகு எலெக்‌ஷன் வந்தது. எலெக்‌ஷன் முடியும் வரை லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கூட்டாளியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, பந்தாவாகத்தான் போனார். ஆயுதங்களை வாங்கி வைக்கிற காவலர் உறையிலிருந்து எடுத்து, துப்பாக்கியைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்துக் குழலுக்குள் பார்த்தாராம். உள்ளே துரு, சந்தனக் கட்டி, இரண்டு எலுமிச்சை விதை.

"ஏமண்டி, நிம்மகாய ஊரகாய பெட்டாரா?"

எலுமிச்சை ஊறுகாயா போட்டு வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஸ்டேஷனே சிரித்ததாம். இதை என்னிடம் இவர் சொல்லவில்லை. துணைக்குப் போன கூட்டாளி சொன்னார், சொல்லும்போதே அவருக்குப் புரையேறியது.

கற்றவர் ஒருவர், செய்தவர் ஒருவர்

அந்தக் காவலர் சிரித்ததோடு விடவில்லை. துப்பாக்கியை எப்படி வைத்துக்கொள்வது என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்து அனுப்பியிருக்கிறார். எலெக்‌ஷன் முடிந்து ரிவால்வர் திரும்பி வந்ததும், என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ரிட்டையர் ஆனவர் மாதிரி என்னை எதிரில் உட்கார வைத்து அதே வகுப்பை எனக்கு எடுத்தார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் துணியை என் பக்கம் நகர்த்தினார். நெல் அவிப்பது, பாத்திரம் விளக்குவது, விருந்தாளிக்கு இலை போடுவது, இப்போது இதுவும் என் தலையில்.

சரி, கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயைத் தொடுவதற்கு முன்னால் துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தாயிற்று என்று நினைக்கிறவர்களும் திறந்து பார்க்க வேண்டும். பார்த்தவர்கள் இன்னொரு தரம் ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். தோட்டா இருக்கிற அறையில் துடைக்கிற வேலையே கூடாது. திறந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் வாய் யார் பக்கமும் திரும்பக் கூடாது.

பிறகுதான் சுத்தம். குழலுக்கென்று குச்சியில் கட்டிய பிரஷ் இருக்கிறது. அதை விட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி எடுக்க வேண்டும். துணி வெள்ளையாகவே வெளியே வருகிற வரை. தோட்டா உட்காருகிற ஓட்டைகளுக்கும் அப்படித்தான். எண்ணெய் தையல் மெஷின் எண்ணெய் மாதிரி மெல்லியதாக இருக்க வேண்டும், அதுவும் பூசின மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும். அதிகம் போட்டால் தூசியெல்லாம் அதில்தான் வந்து உட்காரும். தோல் உறையிலேயே போட்டு வைத்தால் ஈரம் பிடிக்கும்.

இவருடைய சிநேகிதர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர் நல்லெண்ணெய் என்றார். இன்னொருவர் தேங்காயெண்ணெய் என்றார். நான் இரண்டையும் தோசைக்கும் தலைக்கும் வைத்துக்கொண்டேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தத் துருவை எடுக்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. பழைய பனியன்கள் எல்லாம் தீர்ந்தன. முடித்தபோது ரிவால்வர் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. தோட்டாக்களை ஒரு டப்பாவில் போட்டுப் பீரோவின் மேல் தட்டில் வைத்தேன். அடுத்த ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழத்தைக் கார் டயருக்கு அடியில் மட்டும் வைக்கச் சொன்னேன். இந்த முறை வாயை வைக்காதே என்று அவர் சொல்லவில்லை.

டக்

துப்பாக்கி பளபளத்ததும் அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. யாராவது பிடிக்காத விஷயம் பேச வந்தால் டீப்பாயில் பேப்பர் விரிப்பார். உள்ளே போய் ரிவால்வரை எடுத்து வருவார். வந்தவர் பேசப் பேச இவர் துடைத்துக்கொண்டே இருப்பார். திறக்க மாட்டார், பிரஷ் விட மாட்டார், வெளியே மட்டும் குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி துடைப்பார்.

வரப்புத் தகராறு பேச வந்த பக்கத்துத் தோட்டக்காரர், பந்தலுக்கு இடம் கேட்டு வந்த கட்சிக்காரர்கள், கேபிள் டிவி கனெக்‌ஷன்காரர், எல்லோரும் அந்த மஞ்சள் துணியைப் பார்த்தவர்கள்தான். கடைசியில் துப்பாக்கியின் பின்பக்கத்துக் குதிரையைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டு, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்து விசையை அழுத்துவார். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பேச்சு முடிந்தது, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அதற்கு அர்த்தம்.

காலித் துப்பாக்கியை அப்படி அடிக்கக் கூடாது, உள்ளே கெட்டுப்போகும் என்று அந்தக் காவலர் சொன்னதைத்தானே நீங்கள் எனக்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன். காலிதானே, யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றார். அது காலியாக இருந்தது என் கைவேலை. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுபடியும் அந்த ஞாயிறு

பவானி பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. பெங்களூரில் ஒரு ஹாஸ்டலில் இடம் சொல்லி வைத்திருக்கிறார்கள், சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்றாள். அவர் ரிவால்வரின் முதுகைத் துடைத்தார்.

"பொம்பள புள்ள ராத்திரி ஷிஃப்டு பாக்கறதா? ஊர்ல இன்னா பேசுவாங்கோ?"

மாம்பழக் கூழ் ஜெர்மனிக்குப் போகலாமாம், பெண் பக்கத்திலிருக்கிற பலமநேரைத் தாண்டி பெங்களூருக்குப் போகக் கூடாதாம். நான் சமையலறை வாசலுக்கு வந்து இதைச் சொல்லியும் விட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பவானிதான் பேசினாள்.

"நீ தொடச்சி முடி நைனா. அதுவரிக்கும் நிக்கறேன்."

அந்த ஹாலில் அந்த மஞ்சள் துணிக்கு முன்னால் அப்படி நின்ற முதல் ஆள் அவள்தான். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. கட்டைவிரலால் குதிரையை இழுத்தார். கை காலண்டர் பக்கம் போனது, போகும்போதே விசையை அழுத்திவிட்டார்.

'டக்' வரவில்லை.

காது இரண்டும் அடைத்துக்கொண்டது. தீபாவளி மறுநாள் தெருவில் வருகிற நாற்றம் ஹாலில் நிறைந்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு ஓட்டை. உள்ளே மோர்ச்சட்டி உடைந்து, கதவிடுக்கு வழியாக மோர் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ப் பவானியின் தலை, கழுத்து, முதுகு எல்லாம் தடவினேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் தோளுக்கும் அந்த ஓட்டைக்கும் நடுவில் கையை நீட்டிப் பார்த்தேன். என் கைக்கு ஒரு முழம்கூட இல்லை.

"காலின்னுதான் நெனச்சிகினேன்... காலின்னுதான்..." என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் ஃபேக்டரி வாசலில் விவசாயிகள் கூடி, பழத்துக்கு விலை போதாது என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். இவர் எனக்குத் தெரியாமல் டப்பாவிலிருந்து ஆறு தோட்டா எடுத்துப் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே ஒருத்தரும் இவர் இடுப்பைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து அப்படியே பீரோவில் வைத்துவிட்டார். காலி செய்வது என் வேலை என்று பழகிப்போன மனிதருக்கு அது ஞாபகம் இருக்குமா?

அதுவரை அவரைக் கேலி செய்தேதான் நான் குடும்பம் நடத்தினேன். அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை. வெறுப்பு வந்தது, கையில் இருந்த கரண்டியால் அவர் மண்டையைப் பிளக்கலாம் போல ஆத்திரம் வந்தது. நான் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்த துப்பாக்கி, வெடிக்காமல் என்ன செய்யும்? 

அவர் கையிலிருந்து ரிவால்வரைப் பிடுங்கினேன். திறந்து தோட்டாவை எடுக்கலாம் என்றால், அதற்குள் தெருவில் ஆட்கள் ஓடிவருகிற சத்தம். வாயைக் கீழே பிடித்தபடியே கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

திரும்பி வருவதற்குள் வாசலில் கூட்டம். எதிர்வீட்டுக்காரர், அவர் மனைவி, அவர்களுக்குப் பின்னால் பாதித் தெரு. இன்னா சத்தம், இன்னா ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஃபிரிட்ஜை மறைத்து நின்றார்.

"குக்கரு வெடிச்சிட்ச்சி," என்றார். அதோடு நிறுத்தவில்லை. "வாஷர மாத்துன்னு சொல்லிகினே இருந்தேன். கேட்டாதானே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மா உச்சுக் கொட்டினாள். சமையல் தெரியாதவளைக் கட்டிக்கொண்ட மனிதர் மேல் அந்த வாசலில் எத்தனை இரக்கம்! பவானி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், பை தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கியிருந்தது. இதையும் நான் விழுங்கிவிட்டால் அவள் அந்த வீட்டை விட்டுப் போக மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"குக்கர் இல்ல," என்றேன். "பொண்ணு பெங்களூருக்கு வேலைக்குப் போறேன்னு சொல்லிச்சி. அதுக்கு இவுரு துப்பாக்கி எடுத்து சுட்டாரு. ஃபிரிட்ஜுல பட்டுச்சி. வந்து பாருங்கோ."

எல்லோருடைய கண்ணும் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது. அவர் நகரவும் இல்லை, மறைத்து நிற்கவும் முடியவில்லை. காலடியில் மோர் தேங்கியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஓட்டையைப் பார்த்தார். பவானியின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, சித்தூரிலிருந்து வருகிற பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் படி இறங்கும்போது பின்னால் என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. பெண்ணை அனுப்புவதாகத்தான் தானும் இருந்ததாக, யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டில் பஸ் வந்து நின்றது. மாம்பழக் கூடைகளுக்கு நடுவில் நுழைந்து ஜன்னல் ஓரம் இடம் பிடித்தாள். அதுவரை அழாதவள், என் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

"நீயும் ஏறிடும்மா. அந்த ஊட்டுக்குப் போவாத."

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நான் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவள் கையை விட்டேன்.

"ஒண்ணுதாம்மா வெடிச்சிது," என்றேன். "மிச்சம் அஞ்சு உள்ளயே கீது. நான் போய்தான் எடுக்கணும்."